கறுப்புக் கூய்க்கு ஒரு சொட்டு

எலியோதோரோ நிம்மதியாகச் சாப்பிட்டுப் பதினோரு நாளாயிற்று. அந்தக் கறுப்புக் கினிப்பன்றி, அவர்கள் மலையூரில் கூய் என்பார்கள், சொறிந்து சொறிந்து முதுகெல்லாம் புண்ணாகிக் கிடந்தது. விரல் பட்டாலே வெட்டியிழுத்துக் கத்தியது. அது செத்தால் தன் மனைவி மார்செலினாவும் செத்துவிடுவாள் என்று நம்பினான் அவன்.

நம்பாமல் என்ன செய்வான்? வாதம் வந்து விழுந்தவளுக்கு, மந்திரிக்கிறவர் அந்தக் கூயைத்தான் தலை முதல் கால் வரை தேய்த்தார். தேய்த்த கூயை அறுத்து, குடலைப் பார்த்து நோயைச் சொல்லி, ஊருக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். அந்த மலையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் கத்தியை எடுத்த நேரத்தில், மூன்று மாதமாகக் கட்டையாய்க் கிடந்த அவளுடைய இடது கை மெல்ல நகர்ந்து கூயைத் தொட்டது. எலியோதோரோ கத்தியைப் பிடுங்கிவிட்டான். அன்றிலிருந்து கூய் அவள் வயிற்றின்மேல்தான். கையும் நாளுக்கு நாள் கூடுதலாக அசைந்தது. பேச்சு வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. அந்தக் கை ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்.

பக்கத்து வீட்டு சபீனா அக்காள் வாசலில் நின்றே சொன்னாள்: "அவ நோய் பூரா அதுக்குள்ள எறங்கியிருக்கு தம்பி. அறுத்து எறிய வேண்டியத கொஞ்சிக்கிட்டு இருந்தா வேற என்ன ஆகும்?" சொன்னதோடு நிற்காமல், தார்வி என்கிற மலைப்பயறு ஊறவைத்த கசப்புத் தண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள். ஆட்டுச் சொறிக்கு அங்கே அதுதான் மருந்து. செலவும் இல்லை.

மடையன், கூயை அதில் குளிப்பாட்டினான். ஆடு தன் முதுகை நக்காது, கூய் உடம்பு முழுவதையும் நக்கி அந்த விஷத்தை உள்ளே தள்ளும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலத்துக்குள் வாயில் நுரை தள்ளி, பின்னங்கால்கள் துவண்டுவிட்டன. வெந்நீரில் கழுவி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கடவுளை வாய்க்கு வந்தபடி திட்டினான்.

உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு சந்தையடிக் கால்நடை மருந்துக்கடைக்கு ஓடினான். கடைக்கார நோர்மா எத்தனை உருப்படி என்று கேட்டாள். ஒன்று என்றான். இருக்கிறதிலேயே சின்ன புட்டி முப்பது மாட்டுக்குக் காணும், ஒற்றைக் கூய்க்கு மருந்தா, பேசாமல் வறுத்துத் தின்னுங்கள் என்று அவள் சிரித்தாள். அவன் நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினான். சிரிப்பை நிறுத்திவிட்டு, கூயைத் தீவனத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். திறந்திருந்த புட்டியிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டே சொட்டு மருந்து இழுத்துக் கொடுத்தாள்.

"நோயுமில்ல, பேயுமில்லண்ணே. சொறிப்பூச்சி. காதுக்குப் பின்னால தோலுல ஒரு சொட்டு விடுங்க. பத்து நாள் கழிச்சு இன்னொரு சொட்டு, முட்டை பொரிச்சு வர்றதுக்கு. பாவம்னு கூட விட்டீங்க, செத்துரும். படுக்கைப் புல்ல எரிச்சிருங்க, துணிய கொதிக்க வைங்க. மனுசனையும் கடிக்கும் அது."

காசு வாங்கவில்லை. கூய் பிழைத்தால் கொண்டுவந்து காட்டச் சொன்னாள்.

அவள் சொன்னபடியே எல்லாம் செய்தான், கூய் பிழைத்தது. ஆறாம் நாள் சொறிவதை விட்டது, ஒன்பதாம் நாள் அல்பால்ஃபா தழைக்குச் சண்டை பிடித்தது. மார்செலினாவின் கை மட்டும் நின்றுபோனது. கூயை வயிற்றில் வைத்தான், விரலுக்கடியில் தள்ளிப் பார்த்தான், கெஞ்சினான். ஒன்றுமில்லை. பத்தாம் நாள் அவள் உடம்பைத் துடைக்கும்போதுதான் பார்த்தான்: வயிறெங்கும் சின்னச் சின்னச் சிவப்புப் பொருக்குகள், காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன.

அவனுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவள் கூயைக் கொஞ்சவில்லை. அரிப்புத் தாங்காமல் சொறியப் பார்த்திருக்கிறாள், வாய்விட்டுச் சொல்ல முடியாமல். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

இரண்டாவது சொட்டு கையில் இருந்தது. இதை விடாமல் இருந்தால் பூச்சி திரும்ப வரும், கையும் திரும்ப அசையும். அந்த நினைப்பு அவனுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். பிறகு கூயின் காதை மடக்கிச் சொட்டை விட்டான்.

கையை அலம்பிக்கொண்டு வந்து, ஒரு பார்லித் துரும்பை எடுத்து அவள் வயிற்றில் மெல்ல வருடினான்.

"மன்னிச்சுக்க புள்ள. பூச்சிய வச்சு உன்னப் பாடுபடுத்திட்டேன். இனி நானே படுத்துறேன். எரிச்சலா இருக்கா? அப்ப தட்டிவிடு."

அவள் முகம் சுளித்தது. அவன் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே வருடினான், மத்தியானம் வரைக்கும் வருடினான். ஒரு கட்டத்தில் இடது கை நடுங்கி நகர்ந்து வந்து, துரும்பை விட்டுவிட்டு அவன் கட்டைவிரலைப் பிடித்தது. நகம் பதியக் கிள்ளினாள். ரத்தம் வந்தது. அவன் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.