பாட்டிலின் பின்பக்கம்

நவம்பர் 11, செவ்வாய். இன்று ஒரு தவறு தெரிந்தது. 'ஃப்ரூட்டி' என்று போட்டிருந்தால் அந்த ஒயின் இனிப்பாக இருக்கும் என்று நேற்று முதலாளியிடம் சொன்னேன். அப்படி இல்லை. பழம் மூக்குக்கு, இனிப்பு நாக்குக்கு. இரண்டும் வேறு. யாரிடமும் கேட்காமல் சொன்னது என் தப்பு. சின்னத் தப்புதான். வியாழக்கிழமைக்குள் சரிசெய்தால்.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தாள் ஸ்வர்ணலதா. பஸ் ஆரணியைத் தாண்டி முள்ளிப்பட்டுச் சாலையில் திரும்பும்வரை யோசித்தாள். பிறகு அடிக்காமலே டைரியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

ஆரணியில் பலராமனின் பட்டுக் கடையில் அவளுக்குப் பில் போடும் வேலை. சாயங்காலத்தில் ஓட்டல் பரிமாறுதல் வகுப்பு. கடை மூட எட்டு மணி ஆகும். வகுப்புக்காக அவளை மட்டும் ஆறு மணிக்கே விட்டுவிடுவார் பலராமன். அந்த இரண்டு மணி நேரம் முழுக்க முழுக்க அவர் தயவு. திங்கட்கிழமை காலையில் அந்தத் தயவுக்குத்தான் ஆபத்து வந்தது.

"பெங்களூர் பொன்னம்மாக்கா வியாழக்கிழமை வராங்க. தை முகூர்த்தத்துக்குச் சரக்கு எடுக்க. ராத்திரி நம்ம வூட்லதான் சாப்பாடு" என்றார் பலராமன். "அவங்களுக்கு ஒயின் இஷ்டம். ஆனா அந்த டிரை ஒயின் ஆவவே ஆவாது. இனிப்பா, பழ டேஸ்டா இருக்கணுமாம். நீதான் அதுக்குன்னே படிச்சிகினு கீறியே, இன்னா வாங்கறது சொல்லு."

அவள் சொன்னாள். டிரைவர் முத்துவேல் மறுநாள் வேலூருக்குப் புடவை இறக்கப் போனபோது அவள் சொன்னபடியே வாங்கியும் வந்துவிட்டார்.

"கரெக்டா இருக்கணும்மா" என்று திங்கட்கிழமையே எச்சரித்திருந்தார் பலராமன். "இதுகூட தெரியலன்னா அப்புறம் டெய்லி ஆறு மணிக்கே எதுக்குப் பையைத் தூக்கிகினு கிளம்புற? எட்டு வரைக்கும் உக்காந்து பில்லு போடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பலராமன் சிரித்துக்கொண்டே சொன்ன எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை.

வகுப்பு போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். வரப்போவது பொன்னம்மாள் என்பது இன்னொரு பக்கம். பொன்னம்மாளுக்குச் சொந்த ஊர் போளூர். பெங்களூரில் பெரிய புடவைக் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் அவர் சரக்கு எடுக்க வந்தபோது ஸ்வர்ணலதா பில் மேசையிலிருந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்பனையாள் ஒரு புடவையை விரித்து, "இப்ப இதான்கா செம்மையா ஓடிகினு கீது" என்றான். பொன்னம்மாள் அவன் முகத்தையும் பார்க்கவில்லை, முந்தானையையும் பார்க்கவில்லை. புடவையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் நூல் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்தார். "ஓடட்டும். எனக்குப் புடிக்கல. அடுத்தது" என்றார். கோபமும் இல்லை, காரணமும் சொல்லவில்லை. ஓட்டலில் ஒரு தோசை சொல்வதற்குள் மூன்று தடவை மனம் மாறுகிற ஸ்வர்ணலதாவுக்கு, தனக்கு எது பிடிக்கும் என்று ஒரு மனுஷிக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருப்பது பெரிய அதிசயமாக இருந்தது. அன்றைய டைரியில் ஒரு பக்கம் முழுக்க பொன்னம்மாள்தான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவள் தவறு வெளிப்பட்டது. சொல்லிக்கொடுக்கும் ராதிகா கொஞ்ச காலம் சொகுசுக் கப்பலில் பரிமாறியவர். ஒரு வெள்ளை ஒயினை ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றினார். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் ஸ்வர்ணலதாவுக்கு அறுத்த அன்னாசியும் பழுத்த மாம்பழமும் ஒரே தட்டில் வந்தாற்போல இருந்தது. நாக்கில் வைத்தாள். இனிப்பு துளிகூட இல்லை.

"இனிப்பு எங்க போச்சு மேடம்?"

"ஈஸ்ட் தின்னுடுச்சி" என்றார் ராதிகா. "திராட்சைச் சாறுல இருக்கிற சர்க்கரையைத் தின்னுதான் அது ஆல்கஹாலா மாத்துது. மொத்தமா தின்னு முடிச்சா டிரை. பாதியில நிறுத்தினா இனிப்பு மிச்சம் இருக்கும். பழ வாசனைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மாங்கா ஊறுகா ஜாடியைத் திறந்தா கமகமன்னு மாங்கா வாசனை வருது. அதுக்காக அது இனிக்குதா?"

வகுப்பே சிரித்தது. ஸ்வர்ணலதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை காலையில் கடைக்கு வந்ததும் முதலாளி அறையிலிருந்த ஃபிரிட்ஜைத் திறந்தாள். முத்துவேல் வாங்கிவந்த இரண்டு பாட்டில்களின் முகப்பிலும் மாம்பழமும் அன்னாசியும் வரைந்திருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆல்கஹால் பதின்மூன்று சதவீதம் என்று இருந்தது. வகுப்பில் ருசி பார்த்த ஒயின் பாட்டிலிலும் பதின்மூன்றுதான் போட்டிருந்தது. சர்க்கரை மொத்தமாக ஆல்கஹாலாக மாறினால் எண் ஏறும். பாதியில் நிறுத்தினால் எண் குறையும். அப்படியானால் எண் குறைவாக உள்ள பாட்டிலில் இனிப்பு மிச்சம் இருக்க வேண்டும். இது அவளாகப் போட்ட கணக்கு. சரியா என்று தெரியாது. ராதிகாவுக்கு இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை.

முதலாளி வந்த பிறகு, அவரிடம் சொல்லிவிடலாம் என்று அறை வாசல்வரை போனாள். அவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டாள். நேராக முத்துவேலிடம் போய் நடந்ததைச் சொல்லி, தன் கைக்காசைக் கொடுத்தாள். அவர் அன்றும் வேலூருக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் வேலூர் ஒயின் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்.

"சொல்லு தங்கச்சி, ஜல்தி. இங்க ஆளுங்க ஒரு மாதிரி பாக்கறாங்க."

"இனிப்புன்னு சொல்ற ஒயினெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துத் திருப்புங்கண்ணா. பின்னாடி நம்பர் காட்டுங்க."

"பாட்டில்மா இது. திருப்பித் திருப்பிப் பாக்க இன்னா பட்டுப் புடவையா?" என்று முனகிக்கொண்டே திருப்பினார். பன்னிரண்டரை. வேண்டாம் என்றாள். பதின்மூன்றரை. வேண்டாம்.

"யோவ், எடுக்கறியா இல்ல படம் புடிச்சிகினே கீறியா?" என்று கடைக்காரர் குரல் கேட்டது. "இனிப்புதான வேணும்? போர்ட் ஒயின் எடுத்துகினு போ. ஜீரா மாதிரி இருக்கும்."

"அதுல எவ்ளோண்ணா போட்டிருக்கு?"

"பதினாறு."

அவளுக்குப் பகீரென்றது. ஜீரா மாதிரி இனிப்பு, எண்ணோ எல்லாவற்றையும்விட அதிகம். அவள் கணக்கே தப்போ? ஆனால் பொன்னம்மாள் கேட்டது ஜீராவை அல்ல, பழ ருசியை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு, "போர்ட் வேணாம்ணா, வேற பாருங்க" என்றாள்.

கடைசி வரிசையில் ஒரு பாட்டில். மொஸ்காட்டோ என்ற திராட்சையில் செய்தது, லேசாக நுரைக்கும் என்று எழுதியிருந்தது. முகப்பில் ஒரு பழப் படமும் இல்லை. முத்துவேல் திருப்பினார். ஏழு.

"அதை எடுங்கண்ணா" என்றாள். போனை வைத்த பிறகு, எதை நம்பிச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பரிமாற அவளையே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் பலராமன். பழைய பாட்டில்கள் பலராமன் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் புதியதையும் குளிர வைத்தாள். எப்படியும் ஊற்றப்போவது தான்தானே என்று நினைத்துச் சமையலறைக்குப் போனாள். ஆனால் அவள் மட்டன் பிரியாணித் தட்டோடும் கத்தரிக்காய்க் குழம்போடும் திரும்பி வருவதற்குள், உற்சாகம் தாங்காமல் பலராமனே மாம்பழப் படம் போட்ட பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் பொன்னம்மாள், பலராமன், மூன்றாவதாக பலராமனின் நண்பர் பன்னீர்செல்வம். சென்னை ஓட்டல்களுக்குத் திரைத்துணி விற்பவர். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். "ஆஹா. சுத்தமான டிரை. ஒயின்னா இதான்."

பொன்னம்மாள் முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கோப்பையைக் கீழே வைத்தார். "வாசனை அமர்க்களமா கீது. வாயில ஒண்ணும் இல்ல. நமக்கு இது ஆவாது, பலராமா."

"பழகினா புடிச்சிடும்கா" என்றார் பன்னீர்செல்வம். "ஸ்வீட் ஒயின்லாம் புதுசா குடிக்கிறவங்களுக்கு."

"முப்பது வருஷமா கலர் பாத்து வாங்குறேன்" என்றார் பொன்னம்மாள். "புடிக்காத கலரைப் பழகினா புடிச்சிடும்னு சொல்லி ஒருத்தனும் என் தலையில கட்டுனதில்ல. உனக்குப் புடிச்சிருக்குல்ல? என்னுதையும் சேத்து நீயே குடி ராஜா."

தன் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். அதில் குத்தல் இல்லை. ஒரு புடவையை ஓரமாக வைப்பது மாதிரி வைத்தார். அந்தப் பயத்திலும் ஸ்வர்ணலதா அதைக் கவனித்தாள். பலராமன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுதாங்க" என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ஃப்ரூட்டின்னா இனிப்புன்னு முதலாளிக்கு நான்தான் தப்பா சொன்னேன். வேற ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். அது சரியா இருக்கும்னு... நெனைக்கிறேன். தெரியாது."

"தெரியாதா?" என்றார் பலராமன்.

"கொண்டா, பாக்கலாம்" என்றார் பொன்னம்மாள்.

வகுப்பில் பழகியபடி துணியால் மூடியைப் பிடித்து, பாட்டிலைச் சாய்த்து, சத்தம் வராமல் திறந்தாள். கொஞ்சமாக ஊற்றினாள். பொடிப் பொடியாக நுரை ஏறியது. பொன்னம்மாள் முகர்ந்தார். குடித்தார். பிரியாணியில் ஒரு கவளம் எடுத்து, காரமான கத்தரிக்காயைத் தொட்டுச் சாப்பிட்டார். மறுபடியும் ஒரு வாய் குடித்தார். ஸ்வர்ணலதாவின் தலைக்குள் பதினாறு, பதினாறு என்று போர்ட் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னம்மாள் காலிக் கோப்பையை அவள் பக்கம் நீட்டினார். "ஊத்து. நெறைய ஊத்து. பன்னீர் திராட்சையைக் கடிச்சாப்ல கீது. இனிக்குது, ஆனா திகட்டல. காரத்துக்கும் நல்லா போவுது. எப்படிக் கண்டுபுடிச்ச? குடிச்சுப் பாத்தியா?"

"இல்லைங்க. பாட்டிலைத் திருப்பிப் பாத்தேன். போன வருஷம் நீங்க புடவையைத் திருப்பிப் பாத்தீங்களே, அந்த மாதிரி." எண் கணக்கைச் சொன்னாள். சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை. "போர்ட் ஒயினுக்கு மட்டும் இந்தக் கணக்கு சரியா வரலைங்க. ஏன்னு எனக்குத் தெரியல."

பொன்னம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளை முழுசாகப் பார்த்தார். "தெரியாததையும் சேத்துச் சொல்லுது பாரு, பலராமா. என் கடையில சரக்கோட குறையை வாயத் தொறந்து சொல்ற ஆளு ஒண்ணு கூட கெடையாது. அந்தக் கிளாசுல இன்னும் இன்னா சொல்லித் தராங்க?"

ஸ்வர்ணலதா முதலாளியைப் பார்த்தாள். "போனாதாங்க தெரியும்."

பலராமன் தாடையைச் சொறிந்தார். "தப்புன்னு எப்போ தெரிஞ்சிது உனக்கு?"

"செவ்வாக்கிழம."

"செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தா இப்படிப் பேஜாராவுமா? அடுத்த தபா அன்னிக்கே வந்து சொல்லு." அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அதனாலேயே அவளுக்கு உயிர் வந்தது. "ஆறு மணிக்கே கிளம்பிக்கோ. ஆனா அஞ்சரைக்குள்ள பில்லு மொத்தம் முடிஞ்சிருக்கணும்."

பன்னீர்செல்வம் தன் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, "அதுல எனக்கும் கொஞ்சம் ஊத்தேன், சும்மா பாக்கலாம்" என்றார். ஸ்வர்ணலதா பொன்னம்மாளைப் பார்த்தாள். பொன்னம்மாள் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

முத்துவேல் காரில் அவளை வீட்டில் விடப் போகும்போது, மடியில் டைரியை வைத்து எழுதினாள்.

நவம்பர் 13, வியாழன். மொஸ்காட்டோ, ஏழு சதவீதம்: சரியாக இருந்தது. ஒரு பாட்டில்தான் பார்த்திருக்கிறேன். இதை விதி என்று எழுதக் கூடாது. நாளை: ஐந்தரைக்குள் பில்களை முடிக்க வேண்டும். வகுப்பு தொடங்கியதும், போர்ட்டில் ஆல்கஹாலும் இனிப்பும் இரண்டுமே அதிகமாக இருப்பது எப்படி என்று ராதிகா மேடத்திடம் கேட்க வேண்டும்.