ஈசான மூலையில் ஒரு கிணறு

புதிதாகக் கட்டவென்று குசினியை இடித்த நாளிலிருந்து கீர்த்திகாவுக்குத் தண்ணீர் மாடியில்தான். குளியலறைக் குழாயில் வாளியை நிரப்பி, படியிறங்கிச் சுமந்து வந்து, முன் அறையில் வைத்த மின் அடுப்பில் சோறு காய்ச்சுவாள். சட்டிபானை கழுவ மறுபடியும் மாடி. ஃபாரஸ்ட் கேட்டில் இந்தப் பழைய வெள்ளைக்கார வீட்டை வாங்கியபோது அவள் ஆசைப்பட்டது, நின்று சமைக்க ஒரு வசதியான குசினிக்கு மட்டும்தான். அது கைகூடும் நேரம் பார்த்து, அத்திவாரம் வெட்டிய கட்டட வேலைக்காரன் ஜெராட் மண்ணுக்குள் வட்டமான செங்கல் கட்டு ஒன்றைக் கண்டுபிடித்துத் தொலைத்தான்.

"அண்ணை, கிணறு போல கிடக்குது!"

அவள் புருசன் பாஸ்கரனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போனில் திசை பார்த்தான். சரியாக ஈசான மூலை!

"வெள்ளைக்காரனும் சாத்திரம் பாத்துத்தான் வெட்டியிருக்கிறான், பாரும்!"

கட்டுக்கு மஞ்சள் பூசினான், கற்பூரம் கொளுத்தினான். வாளி விட்டு அள்ளிய தண்ணீரைத் தன் தலையிலும் அவள் தலையிலும் தெளித்தான்.

"கிணத்தைத் தூர்த்தால் குடும்பத்துக்குக் கூடாது. ஐயர் நாள் சொல்லுமட்டும் ஒருத்தரும் கை வைக்கேலாது."

ஐயரோ, கோயில் திருவிழா முடியட்டும் என்றுவிட்டார். வேலை நின்றது. வாளி சுமந்து சுமந்து கீர்த்திகாவின் முழங்கால் வீங்கியது.

ஜெராட் நகரசபைக்கு அறிவித்ததால், பழைய கட்டடங்களைப் பார்க்கும் கவுன்சில் பெண் ஒருத்தி வந்தாள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். இந்த வீடுகள் கட்டிய காலத்தில் வீட்டுக்குள் குழாய் இல்லையாம். தெருமுனையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கைப்பம்பு. பெண்கள் வரிசையில் நின்று, வாளி வாளியாகச் சுமந்து வருவார்களாம். அவளுகளும் என்ன பாடுபட்டிருப்பாளுகள் என்று கீர்த்திகாவுக்குப் பாவமாக இருந்தது.

"அப்ப இந்தக் கிணறு?" என்றான் பாஸ்கரன் ஆங்கிலத்தில்.

வந்தவள் சிரிக்காமல் சொன்னாள். இது கிணறில்லை, கழிவறைக் குழி. பின்வளவில் இருந்த கழிவறைக்கு வெட்டியது. இப்போது நிற்பது மழைத் தண்ணீர்.

ஜெராட் மண்வெட்டியைச் சாத்திவிட்டு அவசரமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாஸ்கரனின் கை மெல்லத் தலைக்குப் போய், பாதியில் நின்றது.

"ஜெராட், மூடுங்கோ," என்றாள் கீர்த்திகா.

"பொறும், எதுக்கும் ஐயரை ஒருக்கா..."

"ஐயரிட்ட என்னெண்டு கேக்கப்போறியள்? கக்கூசு தூர்க்க நல்ல நாள் எதெண்டோ?"

துவாயை எடுத்துக்கொண்டு குளிக்க மாடிக்கு ஏறப் போன பாஸ்கரனை அவள் கையை நீட்டி மறித்தாள்.

"நில்லுங்கோ. முதல்ல நான் முழுகவேணும்."