ஹாஜிரா பீயின் வேகம்

காலை ஆறு மணி ஷிப்ட். உஸ்மான் சாலையில் ஒரு கடை கூட ஷட்டரைத் தூக்கியிருக்காது. மாடியில் நாங்கள் ஒன்பது பெண்கள் வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியிருப்போம். ஏ.சி. இயந்திரங்களுக்காக. அதில் எங்கள் விரல்கள் விறைத்துப்போவது யாருக்கும் பொருட்டில்லை.

எங்களில் மூத்தவர் ஹாஜிரா பீ. ஆறு வருடமாகப் பழைய டாஸ் கம்ப்யூட்டரில் அடித்தவர். கண் சீட்டை விட்டு நகராது, திரையைப் பார்க்கவே மாட்டார். ஒரு சீட்டு முடிந்ததும் எஃப் பத்து விசையைத் தட்டினால் அது பதிவாகிவிடும். அந்தக் கைகளின் வேகத்தில்தான் ஓரறைக் கம்பெனி மாடி முழுக்கப் பரவியது.

போன திங்களன்று வந்து பார்த்தால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 95. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹாஜிரா பீ பழக்கத்தில் எஃப் பத்தைத் தட்டினார். புதியதில் அது மெனுவைத் திறக்கும் விசை. அவர் நிமிராமல் அடித்துக்கொண்டே போக, எழுத்தெல்லாம் கட்டளையாகி, காலையிலிருந்து ஏற்றியது அத்தனையும் போயிற்று. மவுஸைப் பிடித்தால் திரையில் அம்பு மூலைக்கு ஓடியது.

மறுநாள் முதலாளி அனந்தராமன் வந்தார்.

"சனிக்கிழமை டெஸ்ட். ஒரு மணி நேரம். யார் எத்தனை சீட்டுன்னு மெஷினே லிஸ்ட் போடும். கடைசி மூணு பேர் திங்கக்கிழமை வர வேண்டாம்."

"பத்து நாள் சொல்லிக் குடுங்க சார்" என்றாள் என் பக்கத்து மெஷின் பாஞ்சாலி. "தெரியாத மெசின்ல குந்த வச்சிட்டு டெஸ்ட்டுன்னா இன்னா நாயம்?"

"நான் என்ன ஸ்கூலா நடத்தறேன்?"

"நேத்து உங்க மெசின மூடத் தெரியாம கயலத்தான கூப்ட்டீங்க?"

அவர் முகம் கறுத்தது. போகிற போக்கில் என்னிடம் தாழ்ந்த குரலில், "கயல், நீ ஃபர்ஸ்ட் வந்துடுவே. உன்னை சூப்பர்வைசரா போடறேன்" என்றார். ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

டீ இடைவேளையில் மாடிப்படியில் எல்லோரிடமும் அதைச் சொன்னேன்.

"வாங்கிக்கோ கயலு" என்றார் ஹாஜிரா பீ. "நான் ராயப்பேட்டைல பூ கட்டியாச்சும் பொழச்சிக்கினு போறேன்."

அவர் ஒருவர் சம்பளத்தில் அந்த வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள்.

"கடைசின்னு ஒர்த்தர் இருந்தாத்தான தொரத்துவாரு?" என்றாள் பாஞ்சாலி. "அக்கா ஒரு சீட்ட முடிச்சி கவுத்தா நாமளும் ஒண்ணு கவுப்போம். அதுக்கு மேல ஒண்ணு கூட வாணாம்."

சனிக்கிழமை அப்படியே செய்தோம். ஹாஜிரா பீ ஒவ்வொரு கட்டத்துக்கும் அம்பைத் தேடித் தேடிக் கொண்டுபோனார். அவர் சீட்டு கவிழும்வரை என் விரல்களை அடக்கி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அனந்தராமன் பிரிண்டரிலிருந்து லிஸ்டைக் கிழித்தெடுத்தார். ஒன்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே பதினேழு.

"என்ன விளையாட்டு இது? ஒன்பது பேரையும் அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க சார்" என்றேன். "செவ்வாக்கிழமை வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சீட்ட யாரு அடிக்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லன்னா பத்து நாள் சொல்லிக் குடுங்க. ஒன்பது பேருக்கும்."

அவர் லிஸ்டை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார். ஷிப்ட் முடிகிற மணி அடித்தது. ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.