வேலி தாண்டிய பீங்கான்

புஸ்பம் தண்ணீர் கேட்டுத்தான் ஹஸீனாவின் குசினிக்குள் போனாள். முன்விறாந்தையில் அவளோடு வந்த யோகராசா பாயில் சம்மணமிட்டு, நீலப்பூப் பீங்கான் தட்டில் மாங்காய் போட்ட இறால் கறியைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தான். அவ்வளவு மணக்கிற கறி இறங்கிய அடுப்பில் தணலாவது இருக்கவேண்டும் அல்லவா? அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சாம்பல்கூட நேற்றையது. மூலையில் ஒரு சட்டியில் அவித்த மரவள்ளிக் கிழங்கு மூடி வைக்கப்பட்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்வேலியில் ஆள் நுழையும் கடப்பில் ஒரு பெண்குரல் கேட்டது.

"முடிஞ்சிதா கா? அந்தத் தம்பி அடுத்தது எங்கட ஊட்டுக்குத்தான் வாறாரு. பீங்கானக் கெதியாத் தாங்க."

அடுத்த வீட்டு றஸீனா தலையை நீட்டினாள். புஸ்பத்தைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹஸீனா முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

புஸ்பத்துக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. சற்று முன் ஸாலிஹா வீட்டிலும் இதே நீலப்பூப் பீங்கான்தான். அதற்கு முன் போன வீட்டிலும் இதுதான். மாங்காய் போட்ட இறால்தான். அப்போது, இந்த ஊரில் எல்லோரும் ஒரே கடையில் பீங்கான் வாங்கியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்!

"இது என்ன வேலை, ராத்தா?" என்று ஹஸீனாவிடம் கேட்டாள்.

"என்ன வேலை? கொழும்பிலருந்து படிச்ச புள்ளைகள் ஊடு ஊடாக வருகுதெண்டு ஊர் விதானையார் சொன்னாரு. ஆளுக்கொரு கொத்து, அரைக்கொத்து எண்டு கூப்பன் அரிசியைப் போட்டு ஒரு பானை ஆக்கினம். இறால் றஸீனாட மாப்புள புடிச்ச. வந்த ஆக்களுக்கு முன்னால வெறுங்கையையா விரிக்கிற?"

"நாங்க விருந்துக்கு வரல்ல. கணக்கெடுக்க வந்த ஆக்கள்."

"வாசல்ல வந்து நிண்டா விருந்தாளிதான் மகள். கணக்கு உங்கட பாடு."

றஸீனாவுக்கு அதற்குள் பயம் தெளிந்துவிட்டது. "அந்தத் தம்பி நல்லாத் திங்கிறாரு," என்றாள் மெல்லிய குரலில். "ஸாலிஹா ராத்தாட ஊட்டுல மறுகாவும் கேட்டாராம். எங்கட ஊட்டுக்கு அங்கால இன்னும் ஊடு கிடக்கு. பானை தாங்குமோ தெரியா."

ஹஸீனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் புஸ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தருக்கும் எங்கட ஊட்டுப் பேரைச் சொல்லிப்போடாதீங்க மகள். இல்லாத ஊடு எண்டு பேர் எடுத்தா, மகள்மாருக்கு மாப்புள எடுக்க ஏலாது."

சொல்லமாட்டேன் என்று புஸ்பம் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கு எவ்வளவு கனமானது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

புஸ்பம் புளியந்தீவுக்காரி. கொழும்பில், அரசாங்க உத்தியோகத்துக்குப் போகும் பட்டதாரிகளுக்காக நடத்தப்பட்ட ஒரு நிருவாகக் கல்லூரியில் அந்த ஆண்டு சேர்ந்திருந்தாள். பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் வருவது நின்று, நாடு முழுவதும் கூப்பனுக்கு வரிசையில் நின்ற யுத்தகாலம் அது. சனங்கள் எதைத் தின்று உயிர் வாழ்கிறார்கள் என்று ஆராய்வதற்குக் கல்லூரி தன் மாணவர்களை மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அனுப்பியிருந்தது. ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். சிங்களவர், பறங்கியர், யாழ்ப்பாணத்தார், மலாயர் எல்லோரும் முறைவைத்துச் சமைப்பார்கள். நீண்ட ஒரே மேசையில் உண்பார்கள். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அதே மேசையில் ஆராய்ச்சி பேசப்படும். தலைவர் கலாநிதி இராசதுரை அறிக்கையை வாசிப்பார். அந்தக் கிராமத்துக்குப் போனவர்கள் கையெழுத்திடுவார்கள். அப்படித்தான் வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை ஏறாவூருக்கு அப்பாலிருந்த அந்த வாவிக்கரைக் குடியிருப்பின் முறை வந்தது. கலாநிதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நண்பகலில் சென்ற எல்லா வீடுகளிலும் சமைத்த சோறும் மீனுணவும் காணப்பட்டன. பங்கீட்டு அரிசி கொண்டு இவ்வாறு உண்ண இயலாது. ஆகவே இம்மக்கள் நெல்லை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளவேண்டும். இக்குடியிருப்பின் பங்கீட்டைப் பாதியாகக் குறைப்பதற்குச் சிபாரிசு செய்கிறோம்."

திங்கட்கிழமை அது அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போகும் என்றார். கச்சேரி எழுதியபடி செய்யும் என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

புஸ்பத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறைத்து வைத்திருக்கிறார்களாம்! தங்கள் வாய்க்குப் போகவேண்டியதைக் கூட்டி அள்ளி நம் வாயில் போட்டார்கள். தின்றுவிட்டு வந்து, அவர்களைக் கள்ளர் என்று எழுதுகிறோம். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் எழுதுகிறோம். கடவுளுக்குப் பொறுக்குமா?

"சேர், அதில நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கலாநிதி தாளைக் கீழே வைத்தார்.

"காரணம்?"

"அந்தச் சோறு அந்த வீடுகளின் சோறு இல்லை. ஊரெல்லாம் சேர்ந்து நமக்காக ஆக்கிய ஒரு பானை. நாம் ஒரு வாசலால் வெளியே வரும்போது அது பின்வேலியால் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கு."

"கண்ணால் கண்டீர்களா?"

"கண்டேன்."

"எந்த வீட்டில்? பெயரைச் சொல்லுங்கள். பதிந்துகொள்கிறேன்."

புஸ்பத்தின் கையைப் பிடித்த ஹஸீனாவின் கை இன்னும் அங்கேயே இருப்பதுபோல் இருந்தது. பெயரைச் சொன்னால் வீட்டின் மானம் போகும். சொல்லாவிட்டால் ஊரின் அரிசி போகும்.

"பெயரைச் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

கலாநிதி புன்னகைத்தார். கெட்ட மனிதர் அல்லர். ஆனால் தாளில் ஏறாத எதையும் நம்பப் பழகாதவர். "மிஸ் புஸ்பம், இரக்கம் நல்ல குணம். ஆராய்ச்சிக்குச் சாட்சி வேண்டும். வேண்டுமானால் திங்கட்கிழமை காலை நானே அங்கே போய்ப் பார்க்கிறேன்."

"நீங்கள் போனாலும் சோறு வரும் சேர்!" என்றாள் புஸ்பம். "நீங்கள் பெரியவர் என்று இன்னும் கூட வரும். கோழிகூட அறுப்பார்கள். யார் போய்ப் பார்த்தாலும் அவர்களிடம் இல்லாததுதான் கண்ணுக்குத் தெரியும். அவர்களுடைய நல்ல குணத்தையே அவர்களுக்கு எதிராக எழுதினால், அதற்கு ஆராய்ச்சி என்று பெயரா?"

"உணர்ச்சிவசப்படாதீர்கள்."

"ஏன் படக்கூடாது? அரிசி பாதியாகி, கிழங்கும் தீர்ந்துபோனால் அந்தப் பிள்ளைகள் எதைத் தின்னும்? உங்கள் வசனத்தையா?"

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். மேசையின் மறுகோடியில் யோகராசா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பினான். யாழ்ப்பாணத்துப் பெரிய உடம்பு. எதற்கும் சிரிக்கிற ஆள். இப்போது முகம் கறுத்திருந்தது.

"சேர், சாட்சி நான்தான். என்ரை பேரை எழுதுங்கோ."

"நீர் என்ன கண்டீர்?"

"காணேல்லை. திண்டனான்." என்றான் யோகராசா. "எல்லா வீட்டிலையும் மாங்காய் போட்ட இறால். முதல் வீட்டிலை சோறு சுடச்சுட. போகப்போக ஆறிப்போச்சுது. கடைசி வீட்டிலை அடிப்பானைக் கருக்கலைச் சுரண்டி வைச்சவை. ருசியாய்க் கிடக்குதெண்டு அதையும் திண்டனான். ஒரு வீட்டிலை இன்னும் கொஞ்சம் எண்டும் கேட்டனான் சேர். அந்த ஊரின்ரை பானையை முடிச்சது நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சாதாரண நாளாக இருந்தால் அந்த மேசை விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

வாவிக்கரையின் மற்றக் குடியிருப்புகளுக்குப் போனவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் தின்றது யாருடைய பானை என்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் கேள்வி எழுந்திருக்க வேண்டும். ஒரு பறங்கிப் பையன் தன் பெயரையும் எழுதச் சொன்னான். பிறகு ஒரு சிங்கள மாணவன். அதற்குப் பிறகு பேச்சே தேவைப்படவில்லை.

கலாநிதி பேனாவை எடுத்தார். அந்தப் பந்தியின்மேல் ஒரு கோடு கிழித்தார். "இதற்குப் பதிலாக என்ன எழுதுவது?" என்று கேட்டார். குரலில் கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

"நாங்கள் கண்ட சோறு எங்களுக்காக ஆக்கப்பட்டது, அவர்கள் உண்பதை நாங்கள் காணவில்லை என்று எழுதுங்கள்," என்றாள் புஸ்பம். "உண்மை அவ்வளவுதான்."

அவர் எழுதினார். பங்கீட்டைக் குறைக்கும் சிபாரிசு அந்த அறிக்கையில் போகவில்லை. கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று எழுத மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. சாட்சி போதாது என்றார். புஸ்பத்தின் கோபம் அதனால் ஆறவில்லை. ஆறத் தேவையும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில கோபங்களைக் கடவுள் நம்மிடம் பத்திரமாக வைத்திருக்கக் கொடுக்கிறார்.

அடுத்த வாரம் மாணவர்கள் எல்லோரும் தங்கள் கூப்பன் அரிசியில் ஒரு பங்கைச் சேர்த்தார்கள். யோகராசா அந்தச் சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு புஸ்பத்தோடு குடியிருப்புக்கு வந்தான். வாசலில் ஹஸீனா வழிமறித்தாள்.

"இது என்ன, தருமமா? எங்களுக்கு வேணாம்."

"தருமமில்லை அக்கா," என்றான் யோகராசா. "உங்கடை வீட்டிலை சாப்பிட்டவன் ஒரு நாளைக்குத் திருப்பிப் போட வேண்டாமோ? இண்டைக்கு நீங்கள் எல்லாரும் எங்கடை விருந்தாளியள்."

ஹஸீனா வழிவிட்டாள். விருந்துக்கு அழைத்தால் மறுப்பது மரியாதை இல்லை. றஸீனா வேலிக்கு அங்காலிருந்து, "பெரிய பானையக் கொண்டு வாறன். ஆனா அந்தத் தம்பிக்குக் கடைசியாத்தான் போடணும் கா!" என்று கத்தினாள்.

அன்று அந்த அடுப்பு எரிந்தது. யோகராசா வாசலில் விறகு பிளந்து கொடுத்தான். பிள்ளைகள் முதலில் சாப்பிட்டார்கள், பிறகு ஆண்கள், பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள். புஸ்பத்துக்கு விறாந்தையில் பாய் விரிக்க ஹஸீனா ஓடினாள்.

"வேணாம் ராத்தா," என்று புஸ்பம் குசினித் தரையிலேயே அவளருகில் அமர்ந்தாள். பானையில் மிஞ்சியிருந்த சோற்றை இருவருமாக ஒரே பீங்கானில் போட்டுச் சாப்பிட்டார்கள். ஹஸீனா அன்று முகத்தை மூடவில்லை. கிழங்கு எத்தனை நாள், சோறு எத்தனை நாள், அரிசி தீர்ந்த கிழமை என்ன செய்வார்கள் என்று, கேளாமலே, தானாகச் சொல்லத் தொடங்கினாள்.

"இதை எழுதட்டுமா ராத்தா? பேரில்லாமல்?"

ஹஸீனா கடைசிப் பிடியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"முதல்ல தின்னுங்க மகள். மறுகா எழுதலாம்."