கம்பளிச் செருப்புக்கு அடி

கல்யாணமான புதிதில், வெளிச்சம் நன்றாக வருகிறதே என்று மயங்கி ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனோம். கீழே மீன் வைக்கும் குளிர்கிடங்கு. குளிர்காலம் வந்ததும்தான் விஷயம் புரிந்தது. தரையில் கால் வைத்தால் உச்சந்தலை வரை ஜில்லென்று ஏறும்.

என் மனைவி நர்ஸ். நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவளுக்கு வீட்டிலும் காலுக்கு நிம்மதியில்லை. கம்பளி நூலும் ஊசியும் வாங்கிவந்து செருப்புப் பின்ன உட்கார்ந்தாள். முதல் ஜோடி தோணி மாதிரி வந்தது. பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் அதை ஆசையாக வாங்கிக்கொண்டார். அவர் காலுக்கு அதுதான் சரி. அப்புறம் எனக்கு, வார்டுத் தோழிகளுக்கு, கிடங்கில் பெட்டி தூக்குகிறவருக்கு. யார் வந்தாலும் பழைய செய்தித்தாளில் காலை வைக்கச் சொல்லி அளவு வரைந்துகொள்வாள்.

என் அக்காவுக்கும் ஒரு ஜோடி பின்னி வைத்திருந்தாள். அக்கா தையல்காரி, அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தவள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டேன் என்று பேச்சையே நிறுத்தியிருந்தாள்.

எனக்குக் கடுங்காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்து நின்றாள்.

"இவனைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றாள் வாசலிலேயே.

மனைவி அந்தச் செருப்பை எடுத்து வைத்தாள்.

"என் கால் அளவு உனக்கெப்படித் தெரியும்?"

"அவரு காலைவிட ஒரு விரக்கடை குறைச்சல்னு சொன்னாருக்கா."

துணி பார்த்துப் பழகிய கண்ணால் அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை அகப்படவில்லை போல, மாட்டிக்கொண்டாள்.

அடிப்பக்கமும் வெறும் கம்பளிதான் என்பதால் அந்தச் செருப்பில் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும். அக்காவுக்கு அது தெரியாது. எனக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தவள் சர்ரென்று வழுக்கி உட்கார்ந்தாள். பதறித் தூக்க ஓடிய என் மனைவியும் வழுக்கி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்குடி உன் வேலை! அடியே இல்லாம செருப்புப் பின்னி ஆளைக் கவுத்துட்டியே!"

"நானும்தானேக்கா கவுந்துட்டேன்!"

முதலில் சிரித்தது அக்காதான். இருவரும் நனைந்த தரையில் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"பழைய ரெக்சின் ஏதாவது இருக்கா?" என்று கேட்ட அக்கா, பதிலுக்குக் காத்திராமல் நான் வேலைக்குக் கொண்டுபோகும் பையை வெட்டினாள். எல்லார் செருப்புக்கும் அடி வைத்துத் தைத்தாள். பேக்கரிக்காரருக்கே பாதிப் பை போயிற்று. அன்றே கிளம்புவதாக இருந்தவள் மாதக் கடைசி வரை இருந்தாள்.

காய்ச்சல் விட்ட பிறகும் நான் போர்வைக்குள்ளேயே கிடந்தேன், அடுத்த அறையில் ஒருத்தி பின்ன, ஒருத்தி தைக்க, இரண்டு பேரும் என்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு.