ஸ்டேசன் வருகிறது

…ஸ்டேசன் என்றுதானே சொன்னான் கூட்டத்தில் அந்த மொழிபெயர்ப்பாளன், காதில் தெளிவாகத்தான் விழுந்தது, செம்பவாங் கம்பத்துக்கு, உங்க ஊருக்கு, ஸ்டேசன் வருது, ஜப்பான்காரங்களுக்கு நிலம் வேணும் என்று… பிலோமினம்மாள் மரவள்ளித் தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், அசையவில்லை, இன்னும் பருக்காத கிழங்கு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்தாகவேண்டும், விட்டுப்போனால் எவன் தின்பான்? ஸ்டேசன் என்றால் ரயில் நிற்கிற இடம்தானே, புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்ட ஒருத்திக்கு வேறெந்த ஸ்டேசன் ஞாபகம் வரும்? உப்பு வாங்கத் தேக்கா சந்தைக்குப் போன மனுஷன், சூசைநாதன், லாரியில் பிடித்து ஏற்றிவிட்டார்கள் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னதோடு சரி… தான் போட்ட பாதையிலேயே ஏறி வந்து நம் வாசலில் இறங்குவார் என்று, அடி பைத்தியக்காரி, கூட்டத்தில் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு நிற்க, நீ ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி, எடுத்துக்குங்கய்யா, சீக்கிரம் கட்டுங்க என்றாயே. சிரித்தாயே வேறு. அவரு வர்றப்போ போட்டுக்க வேணும்ல என்று அவர் கப்பல் பழுதுபார்க்கிற டாக்யார்டு வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாயே, மாதாவே.

"கரண்டு ஸ்டேசன், அக்கா," என்று அடுத்த வீட்டு ஜைனப்தான் மறுநாள் சொன்னாள், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "கரண்டு எடுக்கிற ஆலை. ரயில் கியில் ஒண்ணும் வராது லா." கரண்டு யாருக்கு? இங்கே திரிக்கு எண்ணெய் கிடையாது… வேலை விட்டு வர்றப்போ நம்ம வெளக்குத் தெரிஞ்சா போதும், காலு தானா வந்துடும் என்பாரே, இனி இங்கே நூறு விளக்கு எரியும், அதில் எதைப் பார்த்து வருவார்? வேலியில் நிற்கிற துப்பாக்கிக்காரனிடம் போய் எங்க வீடு எங்கேய்யா என்றா கேட்பார், குனிந்து வணங்கத் தெரியாத மனுஷன், அறைந்துவிடுவானே. நம்மை ஜொகூரில் ஏதோ தோட்டத்தில் கொண்டுபோய் விடுவார்களாம், எந்தத் தோட்டம் என்று வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள்.

ஜைனப்பின் வண்டி கிளம்புகிறது, பாய், பானை, கோழிக்கூடை. "அக்கா, நான் தேக்காவுல எங்க அத்தா வீட்லதான் இருப்பேன், ஏதாச்சும் சொல்லணுமா?" பிலோமினம்மாள் மண் கையோடு ஓடினாள். "அவரு வந்தா, ஜொகூருக்குப் போயிட்டேன்னு சொல்லிடு ஜைனப். மறந்துடாதே." ஜைனப் தலையாட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வண்டி நகர்ந்தது. பிலோமினம்மாள் திரும்பி வந்து அடுத்த தண்டைப் பிடித்தாள்… வந்தா. வந்தா என்றா சொன்னேன்? இத்தனை நாளும் அவரு வர்றப்போ, அவரு வர்றப்போ என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன், அதை யார் மாற்றினார்கள் என் வாயில்? வண்டி இன்னும் வளைவு திரும்பவில்லை, ஓடினால் பிடித்துவிடலாம், திருத்திச் சொல்லிவிடலாம்… கால் ஏன் நகரமாட்டேன் என்கிறது?