நாற்பது நாள் மௌனம்

ஐரோப்பாவின் இசை அரங்குகளின் கூட்டமைப்பில் ஒரு பொதுப் பட்டியல் உண்டு. ஒரு அரங்கில் சும்மா கிடக்கும் சாமானை இன்னொரு அரங்கு இரவல் வாங்கிக்கொள்வதற்காகச் செயலாளர் ஹென்ரிகே கொண்டுவந்த ஏற்பாடு. ‘லிஸ்பன்: மேடைப் பலகைகள், இரண்டு வாரத்துக்கு’, ‘பிராக்: மைக் நான்கு, வெள்ளி முதல் ஞாயிறு வரை’ என்று வரிகள் வந்துகொண்டே இருக்கும். நவம்பரில் ஒரு புதன்கிழமை காலை, பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்தில் காப்பியும் கையுமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹென்ரிகேவின் கண் கடைசி வரியில் நின்றுவிட்டது.

‘கெஸல், மூலன்ரோடா: எல்லாம். திருப்பித் தர வேண்டாம்.’

கெஸல் என்பது ஜெர்மனியின் கிழக்கே மூலன்ரோடா என்ற சின்ன ஊரில், பழைய சாயப்பட்டறையின் கொதிகலன் அறையில் நடக்கும் அரங்கு. நூற்றைம்பது பேர் நின்றால் மூச்சு முட்டும். பத்தொன்பது வயதில் ஹென்ரிகே முதன்முதலாக டிரம்ஸ் வாசித்த மேடை. அன்று பக்கத்தில் பேஸ் கிதார் வாசித்த கெர்னோட்தான் இன்றும் அதை நடத்துகிறான். அவனும் அவன் மனைவி ஊட்டாவும் இல்லாத பிறந்தநாள் அவளுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

அலுவலகமே கொண்டாட்டத்தில் மிதந்த வாரம் அது. அரங்கு இருப்பது தெரிந்தே பக்கத்தில் வீடு கட்டுவது, குடிவந்த மறுநாளே சத்தம் என்று புகார் கொடுப்பது. இப்படியே ஐரோப்பா முழுக்க அரங்குகள் மூடிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு வருடம் ஹென்ரிகே அமைச்சகப் படிகளை ஏறி இறங்கினாள். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் இந்த இலையுதிர் காலத்தில் நூற்றுப் பன்னிரண்டு அரங்குகளும் சேர்ந்து நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டன. ஒரு பாட்டு கிடையாது. ஒத்திகைகூடக் கூடாது என்பது ஹென்ரிகே கூடுதலாகச் சேர்த்த விதி. அரசுகள் இறங்கி வந்தன. ஜனவரி முதல் உரிமத்தோடு நடக்கும் எந்த அரங்கையும் அக்கம்பக்கத்தார் தொட முடியாது. இவ்வளவு பெரிய வெற்றியில் கெர்னோட் எதற்காகக் கடையைக் கட்டுகிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

போன் போட்டாள். எடுத்தது ஊட்டா.

“நேர்ல வந்து தெரிஞ்சுக்கோ” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரயிலில் உட்கார்ந்து போனில் கெர்னோட்டின் பழைய கடிதங்களைத் தேடினாள். ஆகஸ்ட் மாதத்தில் ஒன்று அகப்பட்டது. ‘ஹென்ரிகே, எங்க உரிமம் பழைய காலத்து உரிமம். முப்பது நாளுக்கு மேல இசை நின்னுபோச்சுன்னா அது தானா காலாவதி ஆயிடும்னு அதுலயே போட்டிருக்கு. எதிர்ல இப்ப குடியிருப்பு வந்தாச்சு, புதுசா கேட்டா தரவே மாட்டாங்க. நாங்களும் நாற்பது நாள் மூடலாமா? நீ சொன்னா சரி.’

கீழே அவளுடைய பதில். ‘மதிப்பிற்குரிய உறுப்பினரே, உங்கள் கேள்விக்கு நன்றி. நாற்பது நாள் என்பது அனைவருக்கும் பொது. தயங்காமல் பங்கேற்கவும்.’

அன்று கேள்வி கேட்டு எழுதிய எல்லாருக்கும் ஒரே பதிலைத் தட்டிவிட்டிருந்தாள். ஒரு கடிதத்தையும் முழுசாகப் படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் வாங்கிக் கொடுக்கப் போனவள், சொந்த வீட்டில் மண்ணை அள்ளிப் போட்டிருந்தாள். லைப்சிக்கில் ரயில் மாறும்வரை கடிதத்தை மூடவும் கை வரவில்லை.

கெஸலில் கெர்னோட் ஏணிமேல் நின்று விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊட்டா கம்பிகளைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்க செயலாளரம்மா” என்றான் மேலிருந்தே. “சாப்பிட்டியா? சூப் இருக்கு.”

“நான் உன் லெட்டரைப் படிக்கலடா.”

“தெரியும். என்னைப் போய் ‘உங்கள்’னு எழுதியிருந்த பாரு, அப்பவே புரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?”

“பேப்பர்ல தினம் உன் படம் வந்துட்டிருந்துச்சு. இந்த நேரத்துல ஒரு அரங்கு பின்வாங்குதுன்னு வெளிய தெரிஞ்சா உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பானுங்க.”

ஊட்டா கம்பியைத் தரையில் போட்டாள். “இருபத்தொன்பதாவது நாள், நம்ம மேடையில வாசிக்கிற அக்கார்டியன்காரர் வந்து நின்னாரு ஹென்ரிகே. கதவைச் சாத்திட்டு ஒரே ஒரு பாட்டு வாசிக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாது, உரிமம் பொழைச்சுக்கும்னாரு. பத்து நிமிஷம். இவர் விடல. ஒத்திகைகூடக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கா, வாக்கு வாக்குதான்னு அவரைத் திருப்பி அனுப்பிட்டாரு. மறுவாரம் எதிர்வீட்டுக்காரன் புகார் எழுதிப்போட்டான். நகராட்சி ஆபீஸ்லேர்ந்து வந்து இசை நின்ன நாளை எண்ணிப் பாத்தாங்க, எழுதிக்கிட்டாங்க, போயிட்டாங்க.”

ஹென்ரிகே மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அமைச்சகத்துல பேசறேன்” என்றாள். “ஒரே ஒரு விதிவிலக்கு.”

கெர்னோட் ஏணியிலிருந்து இறங்கி அவள் எதிரில் வந்து நின்றான். “பேசுவியா?”

ஒரு விதிவிலக்கு கேட்டால் போதும், கட்டிட முதலாளிகள் நூறு விதிவிலக்கோடு வந்து நிற்பார்கள். ஜனவரி சட்டம் மறுபடி மேசைக்கு வரும். வந்தால் நூற்றுப் பதினோரு அரங்குகளும் கவிழும். இந்தக் கணக்கை அவள் ரயிலிலேயே போட்டுப் பார்த்துவிட்டாள். வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் ஆறுதல் வார்த்தைகள். சண்டைக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. அது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

“பேச மாட்ட” என்றான் கெர்னோட். குரலில் கோபமே இல்லை. “பேசவும் கூடாது. விடு.”

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். முப்பது வருட நட்பில் அவன் இப்படிப் பெருந்தன்மையாகப் பேசியதே கிடையாது. டிரம்ஸ் தாளம் அரை நொடி பிந்தினால்கூட மேடையிலேயே கழுவி ஊற்றுகிறவன். இனி அவன் தன்னைத் திட்டவே மாட்டான் என்று தோன்றியபோது அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. யாரும் சமாதானப்படுத்தவில்லை.

இரண்டு மணிக்கு வேன்கள் வந்தன. டிரெஸ்டனிலிருந்து ஒன்று, போலந்திலிருந்து ஒன்று. உள்ளே வந்தவர்களுக்கு ஹென்ரிகேவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். “நீங்க இல்லன்னா எங்க அரங்கே இல்ல மேடம்” என்று ஒருவன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கெர்னோட் அவர்களுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தான். எந்த ஒலிபெருக்கி மழை நாளில் கரகரக்கும், எதை ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். கடைசியாக டிரம்ஸ் பெட்டி போனது. அவள் கதவுப்பக்கம் திரும்பவில்லை.

சாமான்கள் கைமாறும்போது கூட்டமைப்பின் தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் நேரில் இருந்தால் அவரும் போட வேண்டும். போலந்துக்காரன் தாளை நீட்டினான். வழக்கம்போல ஹென்ரிகே பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துப் போடப் போனாள்.

“இதையாவது படிச்சுட்டுப் போடு” என்றாள் ஊட்டா.

கெர்னோட் மனைவியைப் பார்த்தான்.

ஹென்ரிகே முதல் பக்கத்துக்குப் போனாள். ஒலிபெருக்கி எட்டு. விளக்கு இருபத்திரண்டு. கம்பிச் சுருள் நாற்பது. வேன்காரர்கள் குளிரில் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தாள். ‘வழங்குபவர்’ என்ற இடத்தில் கெர்னோட் தன் பெயரை எழுதியிருந்தான். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘அரங்கு இல்லை’ என்று எழுதியிருந்தான். அதையும் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.